இரவு இரண்டு மணிக்கு ஓடும் நீர்

2019-ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் ஒரு ரயில் சென்னையின் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அமைச்சர்கள் வந்திருந்து வரவேற்றார்கள். நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் வரை இப்படிக் கொண்டுவருவது அரசின் திட்டம்; அதற்காக 65 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்டு, நகருக்குக் கொடுக்கும் தண்ணீர் நாளுக்கு 52 கோடி லிட்டராகச் சுருங்கியிருந்த நேரம் அது. அந்த ரயிலைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. தாகத்தில் இருப்பவனுக்கு எந்த வழியில் வந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். ஆனால் அந்த 1 கோடி லிட்டரை வேறொரு எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வழக்கமான காலத்தில் சென்னைக் குடிநீர் வாரியம் நாளொன்றுக்கு விநியோகிக்கும் தண்ணீர் ஏறத்தாழ 100 கோடி லிட்டர். அதில் 1 சதவீதம் 1 கோடி லிட்டர். நகரின் குழாய்களில் காணாமற்போகும் நீரில், மொத்த விநியோகத்தின் 1 சதவீதத்துக்குச் சமமான அளவைக் குறைத்தால், ஜோலார்பேட்டை ரயில் முழுமையாக ஓடினால் கிடைக்கும் தண்ணீர் கிடைத்துவிடும். அதுவும் கோடையில் மட்டுமல்லாமல் ஆண்டு முழுவதும். 10 சதவீதம் குறைத்தால் 10 கோடி லிட்டர். 2013-இல் நெம்மேலியில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் ஒரு நாள் உற்பத்தி அவ்வளவுதான்.

அப்படியானால் எத்தனை சதவீதம் காணாமற்போகிறது என்ற கேள்வி எழும். இன்றைய உரை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். நம் நகரங்களின் தண்ணீர்ச் சிக்கலில் பெரும்பகுதி குழாயில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். அது கணக்கில் இருக்கிறது என்று நான் சொல்ல வருகிறேன். எங்கே, எப்போது, எவ்வளவு போகிறது என்று அளக்காத ஒரு நிர்வாகத்தால், எத்தனை ஆயிரம் கோடி செலவழித்துப் புதுக் குழாய் பதித்தாலும், இழப்பைக் குறைக்க முடியாது. அளக்கத் தொடங்கிய நிர்வாகம் பழைய குழாய்களை வைத்துக்கொண்டே பாதி வேலையை முடித்துவிடும்.

இதற்கு 2007-இல் ஆசிய வளர்ச்சி வங்கி வெளியிட்ட ஓர் ஒப்பீட்டு அறிக்கை நல்ல சான்று. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்துடன் சேர்ந்து இந்தியாவின் 20 நகரங்களின் குடிநீர் வழங்கலை அது வரிசைப்படுத்தியது. கணக்கில் வராத நீர் சென்னையில் 17 சதவீதம் என்றும், பெங்களூரில் 45 சதவீதம் என்றும் அதில் இருக்கிறது. மேலோட்டமாகப் படித்தால் சென்னைக்குப் பாராட்டு, பெங்களூருக்குத் தலைகுனிவு. அதே அட்டவணையில் இன்னொரு பத்தியைப் பாருங்கள். மீட்டர் பொருத்திய இணைப்புகள் பெங்களூரில் 95 சதவீதத்துக்கும் மேல், சென்னையில் 3.5 சதவீதம். நூறு வீடுகளில் தொண்ணூற்றாறு வீடுகள் எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன என்று தெரியாத ஊரில், 17 சதவீதம் இழப்பு என்ற எண் எங்கிருந்து வந்தது? உள்ளே விட்ட நீரிலிருந்து வெளியே எடுத்த நீரைக் கழித்தால்தான் இழப்பு. வெளியே எடுத்தது தெரியாதபோது கழித்தல் எப்படி நடக்கும்? வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு மதிப்பீட்டை வைத்து மிச்சத்தை இழப்பு என்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. மதிப்பீடு கொஞ்சம் கூடினால் இழப்பு குறைந்துவிடும். பெங்களூரின் 45 சதவீதம் கசப்பான உண்மையாக இருக்கலாம். சென்னையின் 17 சதவீதம் இனிப்பான ஊகம். அளக்கிற ஊர் கெட்ட பெயர் எடுக்கிறது, அளக்காத ஊர் நல்ல பெயர் எடுக்கிறது என்ற இந்த நிலைமையே, அளப்பதற்கு எந்த அதிகாரியும் ஏன் அவசரப்படுவதில்லை என்பதையும் விளக்கிவிடுகிறது.

அந்த அட்டவணையில் மூன்றாவதாக ஒரு பத்தியும் உண்டு: தண்ணீர் வரும் நேரம். சென்னையில் நாளுக்கு 5 மணி நேரம், பெங்களூரில் நாலரை மணி நேரம். இழப்பைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குழாயில் ஓட்டை இருந்தாலும், உள்ளே தண்ணீர் இருக்கும் நேரத்தில்தான் அது ஒழுகும். கணக்குக்காக அந்த 17 சதவீதம் முழுவதையும் கசிவு என்றே வைத்துக்கொள்வோம். அதே ஓட்டைகளோடு, அதே அழுத்தத்தில், 5 மணி நேரத்துக்குப் பதிலாக 24 மணி நேரமும் குழாயைத் திறந்து வைத்தால் கசிவு ஏறக்குறைய ஐந்து மடங்காகும். இப்போது கொடுக்கும் தண்ணீரில் 80 சதவீதம் மண்ணுக்குள் போய்விடும். ஆகவே விட்டுவிட்டு நீர் விடும் முறை இழப்பைக் குறைக்கவில்லை, மூடி வைத்திருக்கிறது. நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை என்று காட்ட, வெப்பமானியைப் பனிக்கட்டியில் வைத்துப் பார்ப்பது போன்ற காரியம் அது.

இனி, இழப்பு என்றால் என்னென்ன என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உலகத் தண்ணீர்ச் சங்கம் 2000-ஆம் ஆண்டில் ஒரு பொதுக் கணக்கு முறையை வகுத்துக் கொடுத்தது. அதன்படி, வருவாய் தராத நீர் மூன்று வகை. குழாய் வெடிப்பிலும் இணைப்பிலும் தொட்டி வழிவிலும் உண்மையாகவே வெளியேறும் நீர் ஒன்று. திருட்டு இணைப்பு, பழுதான மீட்டர், தவறான பில் ஆகியவற்றால் கணக்கில் மட்டும் காணாமற்போகும் நீர் இரண்டாவது. அதை யாரோ குடித்திருக்கிறார்கள், குளித்திருக்கிறார்கள், காசு மட்டும் வரவில்லை. தீயணைப்பு, இலவசத் தெருக்குழாய் போன்று அனுமதியோடு கொடுத்து, கட்டணம் வாங்காத நீர் மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஓட்டையை அடைக்க வேண்டிய இடத்தில் அதிகாரியை அனுப்பித் திருட்டு பிடித்தாலும், திருட்டு நடக்கும் தெருவில் குழாய் மாற்றினாலும் பணம்தான் வீண். உலகம் முழுவதும் இப்படி வருவாய் தராமல் போகும் நீர் நாளொன்றுக்கு 34,600 கோடி லிட்டர் என்று லீம்பெர்கர், வையட் என்ற இரு வல்லுநர்கள் 2018-இல் மதிப்பிட்டார்கள். மதிப்பு ஆண்டுக்கு 3,900 கோடி டாலர். எண் பெரிதாக இருக்கிறதே தவிர, நம் தெருவுக்கு அது எதையும் சொல்வதில்லை. தெருவுக்கு வருவோம்.

தெருவில் பெரிய குழாய் வெடித்தால் செய்தியாகிறது. தண்ணீர் ஆளுயரம் பீய்ச்சி அடிக்கும், போக்குவரத்து நிற்கும், தொலைக்காட்சி வரும், அன்று மாலைக்குள் வாரிய ஆட்கள் அடைத்துவிடுவார்கள். விநாடிக்கு 10 லிட்டர் வீதம் ஒரு நாள் முழுவதும் பாய்ந்தாலும் 8 லட்சத்து 64 ஆயிரம் லிட்டர். இப்போது இன்னொரு ஓட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பிரதான குழாயிலிருந்து வீட்டு இணைப்பு பிரியும் இடத்தில், பிளம்பர்கள் ஃபெரூல் என்று சொல்கிற அந்தச் சிறு பித்தளைத் துண்டின் ஓரத்தில், 3 மில்லிமீட்டர் அளவு ஓட்டை. குழாயில் 10 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் எப்போதும் இருப்பதாகக் கொண்டால், அதன் வழியே நாளொன்றுக்குச் சுமார் 5,000 லிட்டர் போகும். நகர்ப்புற இந்தியருக்கு அரசு வகுத்திருக்கும் அளவு நபருக்கு 135 லிட்டர். அந்த அளவில் 37 பேரின் ஒரு நாள் தண்ணீர் அது. மேலே ஈரம் தெரியாது, யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஓராண்டு கழிந்தால் 18 லட்சம் லிட்டர், பெரிய வெடிப்பில் போனதைப் போல இரு மடங்கு. இழந்த நீர் என்பது ஓட்டையின் அளவையும் அது திறந்து கிடந்த காலத்தையும் பெருக்கி வரும் எண். ஓட்டையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், காலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தக் காலத்திலும் மூன்று துண்டுகள் உண்டு: கசிவு இருக்கிறது என்று தெரியும்வரை, எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை, அடைக்கும்வரை. நம் ஊர்களில் மூன்றாவது துண்டு பெரும்பாலும் நாள்கணக்குதான். முதல் துண்டுதான் ஆண்டுக்கணக்கு.

இந்த முதல் துண்டைச் சுருக்க, பிரிட்டனின் பொறியாளர்கள் 1980-களில் ஓர் எளிய வழியைப் பரவலாக்கினார்கள். ஊரின் குழாய் வலையை ஆயிரம், இரண்டாயிரம் வீடுகள் கொண்ட சிறு வட்டங்களாகப் பிரி. ஒவ்வொரு வட்டத்துக்கும் தண்ணீர் நுழையும் வழி ஒன்றோ இரண்டோ மட்டும் இருக்கட்டும், மற்ற வால்வுகளை மூடிவிடு. நுழைவாயிலில் ஒரு மீட்டர் வை. இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் அந்த மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார். ஊர் தூங்கும்போது மக்கள் எடுக்கும் தண்ணீர் மிகக் குறைவு. அந்த நேரத்தில் ஓடுவதில் பெரும்பகுதி கசிவு. நேற்று இரவு ஒரு வட்டத்தில் மணிக்கு 8,000 லிட்டர் ஓடியது, இன்று 13,000 லிட்டர் ஓடுகிறது என்றால், இந்த 24 மணி நேரத்துக்குள் அங்கே ஏதோ ஒன்று பிய்ந்திருக்கிறது. ஓராண்டு கழித்துத் தெரிய வேண்டியது மறுநாள் காலையில் தெரிந்துவிடுகிறது. பிறகு அந்த வட்டத்துக்குள் கேட்கும் தடியோடு ஆட்கள் நடந்து, குழாயின் மேல் காதை வைத்து, சீறும் ஒலியைத் தேடினால் போதும். நகரம் முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை.

நம் ஊருக்கு இது அப்படியே பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. சென்னையில் இரவில் வீட்டுக்காரர் தூங்கினாலும் சம்ப் தூங்குவதில்லை. பகலில் நிரம்பாத தரைத்தொட்டி இரவில் நிரம்பும். வரிசையில் நிற்கும் வீடுகள் மோட்டாரைக் குழாயோடு நேராகப் பொருத்தி உறிஞ்சும். அது விதிக்குப் புறம்பானது, ஆனால் எல்லோரும் செய்வது. சில தெருக்களில் வீட்டு வாசலில் இன்னும் அடிபம்பு நிற்கிறது. குழாயில் அழுத்தமே இல்லாததால் கையால் அடித்து எடுக்கிறார்கள். இந்த நிலையில் இரவு ஓட்டம் முழுவதும் கசிவு என்று சொன்னால் அது பொய்க்கணக்கு. அதனால்தான் இங்கே இன்னொரு படியும் வேண்டியிருக்கிறது. சோதனை நடக்கும் இரவில் வட்டத்தின் வீட்டு இணைப்புகளை மூடி, தெருத் தெருவாக வால்வை அடைத்து, ஓட்டம் எந்தத் தெருவில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். வேலை கூடுதல்தான். சிரமம் என்று விடுவதற்கு இது காரணமாகாது. சிரமத்தின் காரணத்தையே நீக்க வேண்டும் என்பதற்குக் காரணமாகும். விட்டுவிட்டு நீர் விடுவதுதான் சம்ப்பையும் மோட்டாரையும் அடிபம்பையும் பிறப்பித்தது.

அதன் கேடு இழப்போடு நிற்பதில்லை. குழாய் காலியாகும்போது உள்ளே அழுத்தம் சுழியத்துக்குக் கீழே போகிறது. உறிஞ்சும் மோட்டார்கள் அதை இன்னும் இழுக்கின்றன. எந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போனதோ, அதே ஓட்டை வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே வருகிறது. கர்நாடகத்தின் ஹூப்ளி–தார்வாட், பெல்காம், குல்பர்கா நகரங்களில் உலக வங்கி உதவியுடன் ஒரு பகுதி மக்களுக்கு மட்டும் 24 மணி நேர நீர் வழங்கல் 2008 வாக்கில் தொடங்கியது. ஹூப்ளி–தார்வாடில் அந்தப் பகுதிகளின் குழாய்நீரையும், பழையபடி விட்டுவிட்டு வரும் பகுதிகளின் குழாய்நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆய்வு செய்து 2013-இல் வெளியிட்டார்கள். ஒரே நதி, ஒரே சுத்திகரிப்பு நிலையம். ஆனால் மலக்கிருமிகள் விட்டுவிட்டு வரும் நீரில் மிக அதிகமாக இருந்தன. மேலும், கசிவைக் காதால் கண்டுபிடிக்கக் குழாயில் அழுத்தம் வேண்டும். நாளுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே, அதுவும் மக்கள் குடம் பிடிக்கும் காலை நேரத்தில் மட்டுமே அழுத்தம் இருந்தால், எந்தத் தொழிலாளி எந்த அமைதியில் எதைக் கேட்பான்?

இங்கே பொறியாளர்கள் சிலர் ஒரு மறுப்பு வைப்பார்கள். நீங்களே சொன்னீர்கள், 24 மணி நேரம் திறந்தால் கசிவு ஐந்து மடங்காகும் என்று. இப்போது 24 மணி நேரம் வேண்டும் என்கிறீர்களே? முரண்பாடு போலத் தோன்றும், ஆனால் இது முறைவரிசையைப் பற்றிய கேள்வி. நகரம் முழுவதையும் ஒரே நாளில் திறந்தால் பேரழிவுதான். ஒரு வட்டத்தை எடுத்து, அளந்து, இணைப்புகளைச் சரிசெய்து, பிறகு அந்த வட்டத்தில் மட்டும் அழுத்தத்தைத் தொடர்ந்து நிலைநிறுத்த வேண்டும். அதில் மிஞ்சிய நீரை அடுத்த வட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். அழுத்தத்துக்கும் கசிவுக்கும் உள்ள உறவை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். பெரிய வலைகளில் சராசரியாக அழுத்தம் எத்தனை பங்கு கூடுகிறதோ ஏறக்குறைய அத்தனை பங்கு கசிவும் கூடுகிறது. வெடிப்புள்ள பிளாஸ்டிக் குழாய்களில் விரிசலே அகலமாகிவிடுவதால் அதைவிடவும் வேகமாகக் கூடும். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரம் கயலிட்ஷா என்ற குடியிருப்பில் 2001-இல் செய்தது இதைத்தான். இரவில் தேவைக்கு மேல் இருந்த அழுத்தத்தை வால்வு வைத்துக் குறைத்தார்கள். குழாய் எதையும் மாற்றாமலே ஆண்டுக்குப் பல கோடி லிட்டர் மிஞ்சியது. சென்னையில் அழுத்தமே குறைவு, குறைக்க என்ன இருக்கிறது என்பது உண்மை. எனவே அழுத்தக் கட்டுப்பாடு நமக்கு முதல் மருந்து அல்ல. தொடர் நீர் வந்த பிறகு தேவைப்படும் மருந்து.

வாரியங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் வேறு: குழாய்கள் பழசு, மாற்ற நிதி வேண்டும். சென்னையின் பழைய பகுதிகளில் நூறாண்டைத் தாண்டிய வார்ப்பிரும்புக் குழாய்கள் இருந்தன, இன்னும் சில இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல் தொடங்கியது என்பதை நினைத்தால் அதில் வியப்பும் இல்லை. ஆனால் பழைய குழாய் என்பதும் ஒழுகும் குழாய் என்பதும் ஒன்றல்ல. தடித்த வார்ப்பிரும்பு நல்ல மண்ணில் நூறாண்டு தாங்கும்; பத்தாண்டுக்கு முன் ஒப்பந்ததாரர் அவசரத்தில் பதித்த பிளாஸ்டிக் குழாயின் இணைப்பு மறுகோடையிலேயே பிரியும். டோக்கியோ நகரம் இதை எண்ணால் காட்டியது. போர் முடிந்த 1945-இல் அந்நகரின் குழாய்களில் போன நீரில் சுமார் 80 சதவீதம் கசிந்தது. பத்தாண்டில் அதை 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று 3 சதவீத அளவில் நிற்கிறது. கசிவுகளில் மிகப் பெரும்பான்மை பிரதான குழாயில் இல்லை, வீட்டுக்குப் பிரியும் சிறு குழாயில் இருக்கிறது என்று பழுதுப் பதிவேடுகளிலிருந்து கண்டுகொண்டு, 1980-களிலிருந்து அந்தச் சிறு குழாய்களைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள். எதை மாற்றுவது என்பதைப் பதிவேடு சொல்லிற்று. பதிவேடு இல்லாத இடத்தில் அதை டெண்டர் சொல்லும்.

டோக்கியோ பணக்கார ஊர், நமக்கு எப்படிப் பொருந்தும் என்றால், நாம் பார்க்க வேண்டிய ஊர் கம்போடியாவின் நோம் பென். 1993-இல் அந்நகரின் குடிநீர் நிறுவனத்துக்கு ஏக் சொன் சான் என்ற பொறியாளர் தலைவராக வந்தபோது, நாட்டின் உள்நாட்டுப் போர் முழுமையாக ஓயவில்லை. அனுப்பிய நீரில் 72 சதவீதம் கணக்கில் இல்லை. பில் போட்டதிலும் பாதிகூட வசூலாகவில்லை. தண்ணீர் நாளுக்குப் பத்து மணி நேரம். நிறுவனத்தின் ஊழியர்களே கள்ள இணைப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளில் இழப்பு 6 சதவீதமாயிற்று, வசூல் 99 சதவீதத்தைத் தாண்டிற்று, தண்ணீர் 24 மணி நேரமாயிற்று. சானுக்கு 2006-இல் மகசேசே விருதும், நிறுவனத்துக்கு 2010-இல் ஸ்டாக்ஹோம் தொழில் தண்ணீர் விருதும் கிடைத்தன. என்ன செய்தார்கள்? வீடு வீடாகப் போய்ப் பயனாளர் பட்டியலைப் புதிதாக எழுதினார்கள். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார்கள். வலையை வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்தையும் ஒரு குழுவிடம் ஒப்படைத்து, இழப்பைக் குறைத்த குழுவுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். கள்ள இணைப்பைக் காட்டிக்கொடுத்த பொதுமக்களுக்குப் பரிசு. அதில் பிடிபட்ட ஊழியருக்கு வேலை போயிற்று. பில் கட்டாத அரசு அலுவலகங்களையும் செல்வாக்குள்ளவர்களையும் விடவில்லை. ஜப்பானிய நகரமான கிடாக்யூஷுவின் பொறியாளர்கள் வட்ட அளவீட்டுக் கருவிகளை நிறுவ உதவினார்கள்.

வெளிநாட்டு உதவி வந்ததால்தான் முடிந்தது என்று இதற்குச் சொல்வார்கள். ஜப்பான், பிரான்ஸ், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி எல்லாம் நோம் பென்னுக்குப் பணம் கொடுத்தன. பழைய குழாய்களை மாற்றியதும் அந்தப் பணத்தில்தான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே காலத்தில், அதே வங்கிகளின் பணம் ஆசியாவின் வேறு பல நகரங்களுக்கும் போயிற்று. இந்திய நகரங்களுக்கும் வந்தது. பெங்களூரின் 45 சதவீதம் பணம் வராத ஊரின் எண் அல்ல. பணத்தை எல்லோரும் பெற்றார்கள், பட்டியலைச் சிலரே எழுதினார்கள். பட்டியல் எழுதுவதற்கும், மீட்டர் படிப்பவரை முறை மாற்றி அனுப்புவதற்கும், லஞ்சம் வாங்கியவரை வெளியேற்றுவதற்கும் டாலர் கடன் தேவையில்லை.

மீட்டர் என்றதும் எழும் அச்சத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. மீட்டர் வரும், கட்டணம் வரும், அடுத்து தனியார் நிறுவனம் வரும் என்ற அச்சம் அது. கோவையில் 24 மணி நேர நீர் வழங்கலுக்கு 2018-இல் சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடன் ஒப்பந்தமானபோது எழுந்த எதிர்ப்பு அந்த அச்சத்தின் வெளிப்பாடுதான். அந்த விவாதத்தில் தொடர் நீர் வேண்டுமா என்ற கேள்வியும், அதை யார் கொடுப்பது என்ற கேள்வியும் ஒன்றாகக் குழம்பிவிட்டன. இரண்டும் வேறு. நோம் பென் நிறுவனம் இழப்பை 6 சதவீதமாக்கியபோது முழுக்க முழுக்க அரசு நிறுவனம். 2012-இல்தான் 15 சதவீதப் பங்குகளை வெளியே விற்றது. டோக்கியோவில் மாநகர நிர்வாகமே நடத்துகிறது. ஆகவே அளப்பதற்கும் தனியாருக்கும் தொடர்பில்லை. நான் முதலில் கேட்கும் மீட்டர் வீட்டு வாசலில் வைப்பதும் அல்ல. வட்டத்தின் நுழைவாயிலில், நீரேற்று நிலையத்தில், லாரி நிரப்பும் இடத்தில் வைப்பது. அது வாரியத்தை அளக்கும் மீட்டர். மக்களை அளப்பதற்கு முன் வாரியம் தன்னை அளந்துகொள்ளட்டும். வீட்டு மீட்டர் பிறகு வேண்டியிருக்கும், ஏனெனில் அது இல்லாமல் திருட்டையும் கசிவையும் பிரித்தறிய முடியாது. அப்போது குறைந்தபட்ச அளவுக்குக் கட்டணமே இல்லாமலோ மிகக் குறைவாகவோ வைக்கலாம். இன்றைய முறையில் ஏழைக்கு இலவசம் என்பது பெயரளவில்தான். லாரிக்குக் காத்திருந்து வேலை நேரத்தை இழப்பவரும், கேன் தண்ணீர் விலைக்கு வாங்குபவரும் அடித்தட்டு மக்களே. ஆண்டு மதிப்பின்படி வரி கட்டிவிட்டு, மீட்டர் இல்லாத இணைப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுப்பவர் பங்களாக்காரர்.

சென்னையில் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு வாதமும் உண்டு. கசியும் தண்ணீர் எங்கே போகிறது? நிலத்துக்குள்தானே? நிலத்தடி நீர் ஏறுகிறது, அதைக் கிணற்றில் எடுத்துக்கொள்கிறோம், இதில் என்ன இழப்பு? கடலோர மணற்பகுதிகளில் ஓரளவு இது நடக்கவும் செய்கிறது. ஆனால் கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. அத்தனை செலவில் உப்பு நீக்கி, குளோரின் போட்டு, மைல் கணக்கில் தள்ளி, கடைசியில் மண்ணில் கொட்டி, மறுபடி மோட்டார் போட்டு, உப்பும் சாக்கடையும் கலந்து இறைப்பது நிலத்தடி நீரைச் செறிவூட்டும் வழியா? நிலத்தடி நீரைக் கூட்ட மழை இருக்கிறது. 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது அதற்குத்தான். தவிர, கசிவில் ஒரு பகுதி நிலத்தடிக்குப் போகாமல் பக்கத்துச் சாக்கடைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் போய்க் கூவத்தில் கலக்கிறது.

கசிவை அடைத்துத் தண்ணீர் பெறுவது சென்னைக்குப் புதிதும் இல்லை. 1983-இல் கையெழுத்தான தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி 15 டி.எம்.சி. கிருஷ்ணா நீரில் வழியில் போவது 3, எல்லைக்கு வர வேண்டியது 12 என்று கணக்கு. 1996-இல் நீர் பூண்டி ஏரிக்கு வரத் தொடங்கியபோது வந்தது அதில் சிறு பங்கே. ஆந்திரத்தின் கண்டலேறிலிருந்து எல்லை வரையிலான 152 கிலோமீட்டர் மண் கால்வாய் நீரைக் குடித்துவிட்டது. சத்ய சாய் அறக்கட்டளை தன் செலவில் அந்தக் கால்வாயைச் சீர்செய்து கரைகட்டிய பிறகு, 2004-இல் நீர் சீராக வந்தது. புதிய நதி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த கால்வாய் ஒழுகாமல் ஆனது. கால்வாய் கண்ணுக்குத் தெரிந்ததால் அதைச் செய்தோம். குழாய் தெரியவில்லை என்பதால் அதையே நகருக்குள் செய்யாமல் இருக்கிறோம்.

இழப்பைச் சுழியமாக்கச் சொல்லவில்லை. ஓர் எல்லைக்குக் கீழே ஒவ்வொரு லிட்டரையும் மிச்சப்படுத்தும் செலவு, புதிதாக உற்பத்தி செய்யும் செலவை மிஞ்சும், அங்கே நிறுத்திவிடலாம். ஆனால் அந்த எல்லையும் ஊருக்கு ஊர் மாறும். இலவச மழை ஏரி நீரை மட்டும் நம்பும் ஊருக்கு 20 சதவீத இழப்பு பொறுக்கக்கூடியதாக இருக்கலாம். கடல்நீரை உப்பு நீக்கும் சவ்வில் பிழிந்து குடிக்கும் சென்னைக்கு அது பொறுக்கக்கூடியதல்ல. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அம்ருத் 2.0 திட்டம் எல்லா நகரங்களுக்கும் 20 சதவீதத்துக்குக் கீழ் என்று ஒரே இலக்கை வைத்தது. அளக்காத ஊர் அதை நாளைக்கே எட்டிவிட்டதாகக் காகிதத்தில் எழுதிவிடலாம்.

அதனால் வாரியங்களிடம் சதவீதத்தைக் கேட்காதீர்கள். மூன்று எண்களைக் கேளுங்கள். எங்கள் பகுதிக்குள் சென்ற மாதம் எத்தனை லிட்டர் நுழைந்தது? இரவு இரண்டு மணிக்கு எவ்வளவு ஓடியது? கசிவுப் புகார் வந்த நாளிலிருந்து அடைத்த நாள் வரை எத்தனை நாள்? முதல் இரண்டுக்கும் பதில் இல்லை என்று வந்தால், அந்தப் பதிலே முக்கியமான செய்தி. வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், மாநகராட்சியின் பட்ஜெட் கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள். பேரூரில் 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அடுத்த கடல்நீர் ஆலையின் அளவு நாளுக்கு 40 கோடி லிட்டர். 2007 அறிக்கையில் சென்னைக்கு இருந்த 17 சதவீதம் உண்மையானால் அதில் ஏறக்குறைய 7 கோடி லிட்டர் வீட்டை அடையாது. அதில் பெங்களூருக்கு இருந்த 45 சதவீதம்தான் நமக்கும் உண்மையென்றால் 18 கோடி லிட்டர். இந்த இரண்டில் எது என்பதை, ஆலையின் முதல் நீர் குழாயில் ஏறுவதற்கு முன்பே சொல்லும்படி வாரியத்தைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.